மாதவிடாய் நிற்கும் பருவமும் கொல்லை மூலிகையும்

நடவிலும் களையெடுப்பிலும் நமது வயல்களைத் தாங்கி நிற்கும் ஸ்திரீகளில் அநேகர் 45 வயதைக் கடந்தவர்கள். மாதவிடாய் நின்றுபோகும் அப்பருவத்தில் திடீரெனத் தேகமெங்கும் அனல் பரவுதலும், இரவில் வியர்த்து உறக்கம் கெடுதலும், காரணமின்றி மனம் சலித்தலும் உண்டாகும். நடுப்பகல் வெயிலில் குனிந்து நாற்று நடுகிறவளுக்கு இவ்வனல் எத்தகையதென்று வரப்பின்மேல் குடை பிடித்து நிற்கும் நாம் யோசிப்பதில்லை. மாட்டுக்குக் கோமாரி கண்டால் அன்றே வைத்தியரைத் தேடும் குடியானவர், மனைவியின் தூக்கமின்மையை 'வயசுக் கோளாறு' என்று தள்ளிவிடுகிறார்.

இவ்வுபத்திரவம் தீரத் தண்ணீர்விட்டான் கிழங்கைப் பயிரிட்டு உண்ணலாமென்று பலர் சொல்லுகிறார்கள். மணற்பாங்கான, நீர் தேங்காத நிலத்தில் இம்முட்கொடி நன்கு வளரும். நட்டு 18 மாதங்களுக்கு மேல் சென்றபின் கிழங்கை வெட்டித் தோலுரித்து உலர்த்துவார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க இதைக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் மேற்சொன்ன அனலைத் தணிக்குமா என்று இதுவரை நடந்த பரீட்சைகள் சிறியவை. அமெரிக்கக் காட்டு மூலிகையான பிளாக் கோஹாஷின் கதையை இங்கு நினைத்தல் நலம். ஹார்மோன் சிகிச்சையால் மார்புப் புற்றுநோய் அபாயம் சிறிது கூடுமென்ற ஆராய்ச்சி 2002-இல் வெளிவந்தபின் பலர் மூலிகைகளை நாடினர். 2012-இல் இம்மூலிகையைப் பற்றிய 16 பரீட்சைகளை ஒருங்கே ஆராய்ந்தபோது, குணமுண்டென்று சொல்லப் போதிய ஆதாரம் கிட்டவில்லை. சோயா மொச்சைக்குச் சற்று நல்ல சாட்சி உண்டு. 2016-இல் வெளிவந்த தொகுப்பாராய்ச்சியில், அதிலுள்ளவை போன்ற தாவரச் சத்துக்கள் அனல் எழும்புதலை நாளொன்றுக்கு ஒரு தடவைக்குச் சற்று அதிகமாகக் குறைத்தன. இரவு வியர்வையைக் குறைக்கவில்லை.

கிழங்கைப் பயிரிடுவதை நான் தடுக்கவில்லை. விலை கிடைக்குமாயின் தாராளமாய்ப் பயிரிடுக. கைகண்ட மருந்தென்று சொல்லி விற்பதையே ஆட்சேபிக்கிறேன். மாதவிடாய் நின்று ஓராண்டு சென்றபின் மறுபடி உதிரம் கண்டால், கஷாயம் காய்ச்சிக்கொண்டு நாளைக் கடத்தலாகாது. கருப்பைப் புற்றுநோயின் முதற்குறியாக அது இருக்கலாமாதலால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மார்புப் புற்றுநோய் கண்டவர்கள் டாக்டரைக் கேளாமல் சோயா மாத்திரையையோ கிழங்குச் சூரணத்தையோ உண்ணலாகாது.

மூலிகை எதுவாயினும், நிலமுடையோர் இந்தப் பட்டத்திலேயே செய்யக்கூடியது ஒன்றுண்டு. நடவை விடியலில் தொடங்கி, வெயில் ஏறுமுன் ஆட்களைக் கரையேற்றி, வரப்பில் ஒரு பானைத் தண்ணீரும் சிறு கீற்றுப் பந்தலும் வைக்கலாம். அங்கு சற்றே உட்கார்ந்தவளின் கூலியில் பிடித்தம் செய்யாதிருக்கலாம்.