பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

(இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், தளவானூர்)



விமானத்தில் சிகரெட் பிடிக்கக் கூடாது. ஏறக்குறைய உலகம் பூரா இதுதான் சட்டம். ஆனால் விமானத்தின் டாய்லெட் கதவுப் பக்கம் பார்த்தால் ஒரு சின்ன ஆஷ்ட்ரே இருக்கும். பிடிக்கவே கூடாத இடத்தில் சாம்பல் தட்டக் கிண்ணம் எதற்கு?

நம்மில் பெரும்பாலோர் விமானத்தை வயல் வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் மெஷின் படிக்கிறவனுக்கு இது விடக்கூடாத கேள்வி. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அது விமானத்தோடு நிற்கவில்லை. டெல்லிக்குப் போய், கடைசியில் நம்ம விழுப்புரம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1973 ஜூலை 11. பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் வந்துகொண்டிருந்த வாரிக் கம்பெனி விமானம். இறங்க இன்னும் சில நிமிடம்தான். டாய்லெட் குப்பைத் தொட்டியில் தீ! யாரோ அணைக்காமல் போட்ட சிகரெட் துண்டாக இருக்கலாம் என்பது சந்தேகம். விமானத்தில் இருந்த 134 பேரில் 123 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் டாய்லெட்டில் புகைக்கத் தடை வந்தது. தடையை மீறி ஒருத்தன் பிடித்துத் தொலைத்தாலும் துண்டு காகிதக் குப்பையில் விழக் கூடாது என்று ஆஷ்ட்ரேவும் கட்டாயம் ஆனது.

ஆனால் அன்றைக்கு டாய்லெட்டில்தான் தடை. சீட்டில் உட்கார்ந்து ஊதலாம்! புகைப்பவருக்கு ஒரு பகுதி, புகைக்காதவருக்கு ஒரு பகுதி என்று வரிசை பிரித்தார்கள். அமெரிக்காவில் 1971-ல் ஒரு விமானக் கம்பெனி இதை ஆரம்பித்தது. 1973-ல் அரசாங்கமே விதியாக்கியது. நடுவில் சுவர் உண்டா? கிடையாது. சீட் நம்பர்தான் சுவர்!

நண்பர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விமானம் என்பது இரண்டு பக்கமும் மூடிய ஒரு நீள உருளை. பழைய ஜெட் விமானங்களில் முழுக்க வெளிக்காற்றை உள்ளே விட்டார்கள். எரிபொருள் மிச்சம் பிடிக்கப் பின்னால் வந்தவற்றில் பாதிக் காற்றை உள்ளேயே சுற்ற விட்டார்கள். இருபதாவது வரிசையில் விட்ட புகை, ‘பத்தொன்பதாவது வரிசைக்குப் போகக் கூடாது’ என்று நின்றுவிடுமா? ஏ.சி. ரெஃப்ரிஜிரேஷன் பாடம் படிக்காதவருக்கும் விடை தெரியும். இரண்டு பகுதிக்கும் நடந்து நடந்து சாப்பாடு கொடுத்த விமானப் பணிப்பெண்களுக்கு இன்னும் நன்றாகவே தெரிந்தது. அவர்கள் தொண்டையும் நெஞ்சும் சொன்னது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. கேட்டார்கள், கத்தினார்கள், சாட்சி சொன்னார்கள். 1986-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகமும் உள்நாட்டு விமானங்களில் புகைப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னது. அப்போது சிகரெட் கம்பெனிகள் என்ன செய்தன? ‘புகை நல்லது’ என்று சொல்ல அவர்கள் முட்டாள்கள் அல்ல. ‘விமானத்தின் காற்றோட்டம் சரியில்லை, அதைச் சரி பண்ணுங்கள்’ என்று பேச்சைத் திருப்பினார்கள். குற்றவாளி நான் இல்லை, ஃபேன்தான் என்கிற கதை!

தங்கள் காசில் ஆய்வும் நடத்தினார்கள். ஸ்காண்டிநேவிய விமானங்களில் காற்றை அளந்து 1989-ல் ஓர் ஆய்வு வெளியானது. பின்னாளில் வழக்குகளால் கம்பெனிகளின் ரகசியக் காகிதங்கள் வெளியே வந்தன. அவற்றைப் படித்த ஆய்வாளர்கள், கம்பெனிக்கு வசதிப்படாத முடிவுகள் அந்த ஆய்விலிருந்து விடுபட்டுப்போனதை 2004-ல் எழுதினார்கள். கருவி சரி, அளந்தது சரி. ஆனால் ரீடிங்கில் எதை எழுதுவது, எதை விடுவது என்பது காசு கொடுத்தவர் பக்கம் சாய்ந்துவிட்டது. நாம் லேபில் இப்படி ஒரு ரெக்கார்டு எழுதினால் சார் கையெழுத்துப் போடுவாரா?

1987-ல் அமெரிக்க மக்கள் சபையில் தடை ஓட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவர் ரிச்சர்ட் டர்பின் என்ற உறுப்பினர். அவருடைய பதினான்காவது வயதிலேயே அப்பாவை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 198-க்கு 193. வெறும் ஐந்து ஓட்டில் ஜெயித்தது! 1988-ல் இரண்டு மணி நேரத்துக்குள்ளான பயணங்களில் தடை, 1990-ல் ஆறு மணி நேரம் வரை, 2000-ல் எல்லாவற்றுக்கும். பணிப்பெண்கள் 1991-ல் சிகரெட் கம்பெனிகள் மேல் போட்ட வழக்கு, 1997-ல் 30 கோடி டாலர் ஆராய்ச்சி நிதியாகக் கொடுக்கும் சமரசத்தில் முடிந்தது. சீட் நம்பர் சுவரில் ஆரம்பித்து முழுத் தடைக்கு வந்து சேர ஏறக்குறைய முப்பது வருஷம். இடையில் அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

‘அது அமெரிக்காக் கதை, நமக்கென்ன?’ என்று கேட்பீர்கள். இனி நம் கதை.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தாத்தாவுக்குக் கைநாட்டுதான். நம் நாட்டில் 1975 சட்டப்படி சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை எழுத்தில் இருந்தது. பீடிக்கு அந்தச் சட்டத்தில் அதுவும் இல்லை. எழுத்தில் எச்சரித்தால் எங்க தாத்தாவுக்கு என்ன புரியும்? பின்னால் படம் வந்தபோதுதான் பீடிக் கட்டை என் பக்கம் நீட்டி, “இன்னாடா இது, இப்படிக் கோரமா இருக்கு?” என்று கேட்டார். படிக்காத வீட்டுக்கு அந்தப் படம்தான் சட்டம். அது பெரிசா இருக்கணுமா சின்னதா இருக்கணுமா என்பது எங்களைப் போன்ற வீடுகளில் உயிர்ப் பிரச்சினை.

அந்தப் படம் வந்த கதையைக் கேளுங்கள். 2003-ல் புகையிலைப் பொருட்கள் சட்டம் வந்தது. பட எச்சரிக்கை விதியை 2006-ல் அறிவித்தார்கள். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு 2009 மே 31-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் முன்பக்கத்தில் மட்டும், 40 சதவீதம். 2014 அக்டோபரில் ‘இரண்டு பக்கமும் 85 சதவீதம்’ என்று அறிவித்தார்கள். 2015 ஏப்ரல் 1-ல் வரவேண்டியது. வரவில்லை! நாடாளுமன்றக் குழு ஒன்று குறுக்கே நின்று தள்ளிவைக்கச் சொன்னது.

அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர் ஷியாம சரண் குப்தா. அலகாபாத் எம்.பி. அவரே பீடிக் கம்பெனி முதலாளி! பீடிக் கட்டில் எவ்வளவு பெரிய படம் போடணும் என்று முடிவு சொல்லும் இடத்தில் பீடி முதலாளிக்கு நாற்காலி. குழுவின் தலைவர் திலீப் காந்தி, புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்று நிரூபிக்க இந்திய ஆய்வு எதுவும் இல்லை, எல்லாம் வெளிநாட்டு ஆய்வுகள் என்ற கருத்தில் பேசினார். இது 2015 மார்ச்சில்.

இந்திய ஆய்வு இல்லையா? இருந்தது! எங்கே நடந்தது தெரியுமா நண்பர்களே? சென்னையிலும், நம்ம விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும்! டாக்டர் கஜலட்சுமியும் குழுவினரும் இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை விசாரித்தார்கள். அதில் 16,000 பேர் கிராமத்து ஆண்கள். செத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர் எப்படி இறந்தார், பீடி பிடிப்பாரா என்று கேட்டு எழுதிய கணக்கு. 2003-ல் ‘லான்செட்’ என்ற உலகப் புகழ் மருத்துவ இதழில் வெளியானது. புகைப்பவர் காசநோயில் சாகும் வாய்ப்பு, புகைக்காதவரைப் போல நாலு மடங்குக்கும் மேல். சென்னைக் கணக்கில் புற்றுநோய்ச் சாவும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தியாவில் காசநோயில் சாகிற ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகைப்பழக்கம் ஒரு காரணம் என்று அந்த ஆய்வு சொன்னது.

நம்ம மாவட்டத்துக்காரர்கள் செத்துக் கொடுத்த சாட்சி அது. பன்னிரண்டு வருஷம் கழித்து ‘சாட்சியே இல்லை’ என்று பேசினார்கள். விமானத்தில் காற்றோட்டத்தின் மேல் பழி, இங்கே ஆய்வு இல்லை என்ற சாக்கு. நாடு வேறு, பாட்டு ஒன்றே.

கடைசியில் 2016 மார்ச்சில் அந்தக் குழு 50 சதவீதம் போதும் என்று பரிந்துரைத்தது. நல்லவேளை, 2016 ஏப்ரல் 1-ல் 85 சதவீதமே நடைமுறைக்கு வந்தது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது. இன்று படம் பெரிசாக இருப்பது இத்தனை கண்டம் தாண்டித்தான்.

இன்னொன்றும் உண்டு. ஐ.டி.சி. நம் நாட்டின் பெரிய சிகரெட் கம்பெனி. அதில் பல வருஷமாகப் பெரிய பங்குதாரர்களில் ஒருவர் யார்? அரசாங்கத்தின் எல்.ஐ.சி! ஒரு கை சிகரெட்டுக்கு எதிராகச் சட்டம் எழுதுது, இன்னொரு கை சிகரெட் லாபத்தில் பங்கு வாங்குது. ‘பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்’ என்று நம்ம பெரியவங்க இதைத்தான் சொல்லி வைத்தார்களோ!

‘கம்பெனிக்கும் கருத்துச் சொல்ல உரிமை இல்லையா? பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் கதி என்ன?’ என்று சில நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கருத்துச் சொல்லட்டும், தாராளமாகச் சொல்லட்டும். எல்லோரும் பார்க்கும்படி எழுத்தில் சொல்லட்டும். ஆனால் விதி எழுதும் பேனாவை அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. நமக்குப் பிராக்டிகல் பரீட்சைக்கு வெளியிலிருந்து எக்ஸாமினர் வருகிறார். ஏன்? நாம் கெட்டவர்கள் என்றா? தன் மார்க்கைத் தானே போட்டுக்கொள்ள யாரையும் விடக் கூடாது என்பதால். பீடி சுற்றும் பெண்களுக்காக அவர்களே வந்து பேசட்டும், மாற்று வேலை கேட்கட்டும். அவர்கள் வயிற்றைக் காட்டி முதலாளி பேசுவதுதான் மோசடி. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலை உடன்படிக்கையில் 5.3 என்று ஒரு பிரிவு இருக்கிறது. சுகாதாரச் சட்டங்களைப் புகையிலைத் தொழிலின் சுயநலத்திலிருந்து காக்கச் சொல்கிறது. 2004-லேயே நம் நாடு அதை ஏற்றுக்கொண்டது. ஏற்ற பிறகுதான் 2015-ல் அந்த நாற்காலி!

இப்போதுள்ள சட்டத்தையும் பாருங்கள். நம்ம திண்டிவனம் பக்கத்து அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை கடுமையானது. ஐ.டி.சி.யும் ஓட்டல்காரர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைக்க மறுத்தது. நல்லது. ஆனால் 2003 சட்டத்திலேயே ஒரு ஓட்டை இருக்கு. முப்பது அறை உள்ள ஓட்டல், முப்பது பேர் உட்காரும் ரெஸ்டாரண்ட், அப்புறம் விமான நிலையம் — இங்கெல்லாம் புகைக்கத் தனி இடம் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பழைய சீட் நம்பர் சுவர் விமானத்தை விட்டு இறங்கி விமான நிலையத்தில் குடியேறிவிட்டது! பஸ் ஸ்டாண்டில் பீடி பற்றவைத்தவனுக்கு அபராதம், ஏர்போர்ட்டில் சிகரெட்டுக்கு அறை. ஏழைக்கு ஒரு நீதி, பணக்காரனுக்கு ஒரு நீதியா?

நாம் என்ன செய்யலாம்? பெரிசாக ஒன்றும் வேண்டாம். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது சட்டம். காம்பவுண்டு சுவரின் வெளி விளிம்பிலிருந்து நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். 100 கெஜம் என்றால் 91.44 மீட்டர். 30 மீட்டர் டேப் மூன்று தடவை, மேலே ஒன்றரை மீட்டர். சிவில் பிரிவு நண்பர்களுக்கு ஒரு மணி நேர வேலை! அளப்போம். வரைபடம் போடுவோம். பெட்டிக்கடைப் பாட்டியோடு சண்டை போட வேண்டாம். அந்தம்மா விதி எழுதவில்லை, லாபமும் கோடி கோடியாய்ப் பார்க்கவில்லை. மாற்றுச் சரக்கு வைக்க நம் சங்கமே உதவலாம். வரைபடத்தை முதல்வர் வழியாக அதிகாரிகளுக்கு அனுப்புவோம்.

நாளைக்கு நாம் பாய்லர் ஆபரேட்டராகவோ சூப்பர்வைசராகவோ தொழிற்சாலைக்குள் போவோம். அங்கேயும் புகை இருக்கும், தூசி இருக்கும், ‘எல்லாம் அளவுக்குள்தான்’ என்று ஒரு ரிப்போர்ட்டும் இருக்கும். அதில் கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேட்கப் பழகுவோம். விதியை எழுதியது யார்? அளந்தது யார்? அளந்தவருக்குக் காசு கொடுத்தது யார்?

சிந்திப்போம்! கேட்போம்! அளப்போம்!