எஸ்.எஸ்.டி. மந்தமானால் பார்மட்தான் மருந்தா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நொடியில் காப்பியான வீடியோ பைல், ஓராண்டு கழித்து நிமிடக் கணக்கில் இழுக்கிறது. கடைக்கு எடுத்துச் சென்றால், "பார்மட் அடிச்சிடலாம் சார்" என்பார்கள். இந்த யோசனையை நான் ஏற்பதில்லை.

பார்மட் செய்தபின் வேகம் திரும்புவது உண்மைதான். ஏன் திரும்புகிறது என்று தெரிந்தால், பார்மட்டே தேவையில்லை என்பது புரியும்.

ஹார்ட் டிஸ்க்கில் பழைய டேட்டா மீதே புதியதை எழுதிவிடலாம். எஸ்.எஸ்.டி.யில் உள்ள பிளாஷ் சிப்பில் அது முடியாது. பழையதை அழித்த பிறகே எழுத முடியும். அதிலும் ஒரு தொல்லை. எழுதுவது சில கிலோபைட் கொண்ட பேஜ்களாக. அழிப்பதோ நூற்றுக்கணக்கான பேஜ்கள் சேர்ந்த பிளாக்காக மட்டுமே. ஒரு வரியை அழிக்க முழுச் சிலேட்டையும் துடைக்க வேண்டும். வேண்டிய வரிகளை அதற்கு முன் வேறு சிலேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் ஒரு பைலை நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால், அந்த இடம் காலி என்பது விண்டோஸுக்குத் தெரியும். டிரைவுக்குத் தெரியாது. பாவம், அது குப்பையையும் சிலேட்டுக்குச் சிலேட்டு மாற்றி எழுதிக்கொண்டிருக்கும். "இது இனி வேண்டாம்" என்று டிரைவுக்குச் சொல்லும் கட்டளையின் பெயர் டிரிம். 2009ல் வந்த விண்டோஸ் 7 முதல் இந்த வசதி உண்டு. பார்மட் செய்கையில் அந்தப் பகுதி முழுமைக்கும் இந்தக் கட்டளை போகிறது. வேகம் திரும்பும் ரகசியம் இவ்வளவுதான்!

இதையே உங்கள் குழந்தையின் போட்டோக்களை இழக்காமல் செய்யலாம். ஸ்டார்ட் மெனுவில் "டிபிராக்" என டைப் செய்து, கிடைக்கும் விண்டோவில் எஸ்.எஸ்.டி.யைத் தேர்ந்தெடுத்து, "ஆப்டிமைஸ்" பட்டனில் கிளிக் செய்திடவும். விண்டோஸ் 10, 11 இதை வாரம் ஒருமுறை தானே செய்யும்; யாராவது நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள். "எஸ்.எஸ்.டி. பூஸ்டர்" என்று காசு கேட்கும் சாப்ட்வேர்கள் எனக்குத் தேவையாகத் தோன்றவில்லை. யு.எஸ்.பி. பெட்டியில் போட்ட எஸ்.எஸ்.டி. என்றால், சில பெட்டிகள் டிரிம் கட்டளையைக் கடத்துவதில்லை. ஒன்று நினைவிருக்கட்டும். டிரிம் ஆன பைலை ரெகவரி சாப்ட்வேர் கொண்டு மீட்பது அநேகமாக நடக்காது.

டிரைவை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விடுவது என் வழக்கம். விலை மலிவான டிரைவ்கள் காலியிடத்தில் ஒரு பகுதியை வேகமான கேஷ் ஆகப் பயன்படுத்துகின்றன. இடம் குறையக் குறைய அந்தக் கேஷும் சுருங்கும். பெரிய பைலைக் காப்பி செய்கையில் பாதியில் வேகம் சரிவது பெரும்பாலும் இதனால்தான். அது பழுதல்ல; கொஞ்ச நேரம் சும்மா விட்டால் சரியாகும்.

இத்தனைக்குப் பிறகும் மந்தம் தீரவில்லையா? முதலில் பேக்கப் எடுங்கள். டிரைவ் தயாரித்த நிறுவனத்தின் சாப்ட்வேரில் அதன் ஆரோக்கிய நிலையைப் பாருங்கள், பர்ம்வேர் அப்டேட் உள்ளதா என்றும் பாருங்கள். கடைக்காரரிடம் அதன் பிறகு போகலாம்.