சிமெண்ட் ஊருக்கு மேலே ஒரு உலை

"பி.காம் படிக்கிறவனுக்கு நட்சத்திரம் எதுக்குடா?" என்று கேட்கப் போகும் நண்பர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஜோசியம் இல்லை, செலவுக் கணக்கு :)

டிசம்பர் நடுவில் இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே பாருங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் ஃபோர்னாக்ஸ் என்றொரு விண்மீன் கூட்டம் இருக்கும். தமிழில் உலை என்று சொல்லலாம். 1751-52இல் நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென்வானத்தை அளந்த லக்காய் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். அரியலூரில் கீழே சிமெண்ட் சூளை, மேலே ஒரு உலை. நல்ல பொருத்தம்!

ஆனால் கண்ணுக்குத் தெரிந்தால்தானே? நல்ல இருட்டில் ஆறாம் பிரகாச அளவு வரை வெறும் கண்ணுக்குத் தெரியும். எண் கூடக் கூட மங்கல். உலையின் ஆகப் பிரகாசமான நட்சத்திரமே நான்காம் அளவுதான். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வெளிச்சத்தில் நின்று தேடிப் பாருங்கள், புரியும்.

"மங்கலா நாலு புள்ளி தெரியலேன்னா குடியா முழுகிடும்?" என்பீர்கள். அந்த 'ஒன்றுமில்லாத' பக்கத்தில் ஒரு துளி இடத்தைத்தான் ஹபிள் தொலைநோக்கி மொத்தம் பத்து லட்சம் நொடி உற்றுப் பார்த்தது. 2004இல் வெளிவந்த அந்தப் படத்தில் சுமார் 10,000 கேலக்ஸிகள்!

அடுத்த கேள்வி, "அப்போ ராத்திரி பெண்கள் இருட்டிலா நடக்கணும்?" ஐயா, விளக்கை அணைக்கச் சொல்லவே இல்லை. மேலே மூடி போடுங்கள் என்கிறேன். வெளிச்சம் ரோட்டில் விழட்டும். வானத்தில் யாரும் நடக்கவில்லை. கண் கூசும் வெள்ளை எல்.ஈ.டி.க்குப் பதில் மஞ்சள் சாயல் உள்ளதைப் போடுங்கள். நீல ஒளிதான் காற்றில் அதிகம் சிதறி வானத்தை வெளுக்க வைக்கிறது.

மேலே வீணாகிற வெளிச்சத்துக்கும் மீட்டர் ஓடுகிறது. தவிர்க்க முடிந்தும் தவிர்க்காத நஷ்டத்துக்கு காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'அப்நார்மல் லாஸ்' என்று பெயர். நம் தெருக்களில் அதற்குப் பெயர் வளர்ச்சி.

லடாக்கின் ஹான்லேயை 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். நாம் அவ்வளவு கேட்கவில்லை, ஒரு மூடிதான் கேட்கிறோம்.

சாத்தனூர் கல்மரத்தைப் பல கோடி வருஷப் பொக்கிஷம் என்று பாதுகாக்கிறோம். உலைக்குள் ஒரு கேலக்ஸிக் கூட்டம் இருக்கிறது. அங்கிருந்து வெளிச்சம் கிளம்பி சுமார் 6 கோடி வருஷம் ஆகிறது. இருட்டான இடத்தில் சின்னத் தொலைநோக்கி இருந்தாலே அதில் கொஞ்சத்தைப் பிடிக்கலாம். அவ்வளவு தூரம் வந்ததை, நம் ஊர் எல்லையில் வைத்து ஒரு தெருவிளக்கு மறைத்துவிடுகிறது.