எவருடைய அளவுநாடாவால் நாம் அளக்கப்படுகின்றோம்?

சுவிற்சர்லாந்தின் லவுசான் நகரில் 2003 ஆம் ஆண்டு முதல் 2006 ஆம் ஆண்டு வரை, 35 வயதுக்கும் 75 வயதுக்கும் இடைப்பட்ட 6,188 பேரின் உடல்நிலை விரிவாக ஆராயப்பட்டது. 'கோலாவுஸ்' எனும் இவ்வாய்வின் முதல் அறிக்கையில் இடம்பெற்ற அனைவரும் ஐரோப்பிய வெள்ளையினத்தவர்களே. மரபணுக் காரணிகளையும் ஆராய்வது அதன் நோக்கமாக இருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 2005-2006 இல், இலங்கையிலும் நீரிழிவு, இருதயநோய் தொடர்பான பேராய்வொன்று நடைபெற்றது. ஏழு மாகாணங்கள் அதில் அடங்கின. போர்ச்சூழலைக் காரணங்காட்டி வடக்கும் கிழக்கும் விடப்பட்டன.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பிறந்து, பேர்ணிலோ சூரிச்சிலோ குடியேறிய எம்மவர் இவ்விரு கணக்குகளிலும் இல்லை. பிறந்த மண்ணிலும் எண்ணப்படவில்லை, புகுந்த மண்ணிலும் எண்ணப்படவில்லை.

இவ்வாய்வுகள் தேடியவற்றுள் ஒன்று, வைத்தியர்கள் 'மெற்றபோலிக் சின்ட்ரோம்' என அழைக்கும் அனுசேப நோய்க்குறித்தொகுதி. இது தனியொரு நோயன்று. வயிற்றுப்பருமன், உயர் குருதி அமுக்கம், குருதியில் குளுக்கோசும் ட்ரைகிளிசரைட் கொழுப்பும் மிகுதல், எச்.டி.எல். எனும் நற்கொழுப்புக் குறைதல் ஆகியவை ஒருவரிடம் கூட்டாகச் சேர்ந்திருக்கும் நிலையே இது. பின்னாளில் நீரிழிவும் மாரடைப்பும் வருவதற்கான முன்னறிவிப்பாக இது கருதப்படுகின்றது. 1988 இல் அமெரிக்க அறிஞர் ஜெரால்ட் றீவன் இதனை 'சின்ட்ரோம் எக்ஸ்' என்றபோது, வயிற்றுப்பருமன் அப்பட்டியலில் இருக்கவேயில்லை. பின்னர் வந்தவர்களே அளவுநாடாவைக் கையில் எடுத்தனர்.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி குளுக்கோசுக் கோளாறோ இன்சுலின் எதிர்ப்போ முதலில் இருத்தல் வேண்டும். 2001 இல் வந்த அமெரிக்க வரையறை ஐந்து குறிகளில் எவையேனும் மூன்று போதும் என்றது. ஆண்களின் இடைச்சுற்றளவுக்கு 102 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 88 ஐயும் எல்லையாக்கியது. 2005 இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் இடைச்சுற்றளவைக் கட்டாய நிபந்தனையாக்கி, ஏனைய நான்கில் இரண்டைக் கேட்டது. அத்துடன் எல்லையை இனவாரியாகப் பிரித்தது: ஐரோப்பிய ஆண்களுக்கு 94, தென்னாசிய ஆண்களுக்கு 90. பெண்களுக்கு இரு தரப்பிலும் 80.

அளவுகோலை மாற்றினால் என்ன நிகழும் என்பதைச் சென்னை காட்டியது. அங்கு 2,350 பேரிடம் நடத்தப்பெற்று 2007 இல் வெளியான ஆய்வில், அமெரிக்க வரையறைப்படி 18.3 வீதத்தினருக்கும், உலக சுகாதார நிறுவன வரையறைப்படி 23.2 வீதத்தினருக்கும், சம்மேளனத்தின் வரையறைப்படி 25.8 வீதத்தினருக்கும் இந்நிலை இருந்தது. மூன்று வரையறைகளிலும் அகப்பட்டோர் 224 பேர் மாத்திரமே. அதாவது மாறியது எண்ணிக்கை மட்டுமன்று, ஆட்களும் மாறினர்.

இதனை எமது வாழ்வோடு பொருத்திப் பார்ப்போம். உணவகச் சமையலறையில் பின்னிரவு வரை நின்று, வீடு திரும்பிச் சோறுண்டு உறங்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். இடைச்சுற்றளவு 92. ட்ரைகிளிசரைட் லீற்றருக்கு 1.9 மில்லிமோல், எச்.டி.எல். 0.9. குருதி அமுக்கம் 125/80, வெறுவயிற்றுக் குளுக்கோசு 5.2. அமெரிக்க எல்லைப்படி இவரிடம் இரண்டு குறிகளே உள. ஐரோப்பிய ஆணுக்கான எல்லையிலும் இவர் தப்பிவிடுவார். தென்னாசியருக்கான எல்லையை வைத்தாலோ அகப்பட்டுவிடுவார். மனிதர் ஒருவரே, குருதியும் ஒன்றே. எம்மவரிடம் குறைந்த இடைச்சுற்றளவிலேயே உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்புப் படிவதனாற்றான் இவ்வேறுபாடு வகுக்கப்பட்டது. 'மெலிந்த ஆள்தானே' எனும் எமது ஊர்ச் சமாதானம் இங்கு உதவாது.

2009 இல் ஆறு அமைப்புகள் கூடி ஓர் இணக்கத்துக்கு வந்தன. ஐந்தில் மூன்று போதும். இடைச்சுற்றளவு கட்டாயமன்று, ஆனால் அதன் எல்லை இனத்துக்கும் நாட்டுக்கும் ஏற்றதாக இருத்தல் வேண்டும் என்றன. இப்பெயரே தேவைதானா என ஐயுறும் அறிஞர்களும் உளர். அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் 2005 இலேயே, முத்திரை குத்துவதை விடுத்து ஒவ்வொரு காரணியையும் தனித்தனியே கவனியுங்கள் என வைத்தியர்களைக் கேட்டுக்கொண்டன. எமக்கும் அதுவே நியாயமாகப் படுகின்றது. எனினும் முத்திரை வேண்டாமென்றால் அளவையும் கைவிடலாம் என்று பொருளல்ல.

இந்நாட்டில் எம்மவரைத் தடுப்பது அறியாமை மட்டுமன்று. மாதக் கட்டுப்பணத்தைக் குறைப்பதற்காகப் பலர் காப்புறுதியில் 2,500 பிராங்க் 'பிரான்சீஸ்' தெரிவுசெய்கின்றனர். பிறகு, அத்தொகை வரை தமது பணமே செலவாகும் என்று அஞ்சி வைத்தியரை நாடாதிருக்கின்றனர். மொழித் தடை இன்னொன்று. பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச்செல்லும் தாய்மார் வாய்திறந்து எதனைக் கேட்பர்? சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கம் சுகாதார வழிகாட்டியைத் தமிழிலும் வெளியிட்டுள்ளது. அதனைக் கேட்டுப் பெறலாம்.

அளவுநாடா எவ்வீட்டிலும் உண்டு. கீழ் விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காது அளக்கவேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்ற எல்லையை அது எட்டியிருந்தால், குடும்ப வைத்தியரிடம் தென்னாசியருக்கான எல்லையின்படி தம்மைப் பார்க்குமாறு கேட்பது நன்று.