கேட்டு வாங்கும் பொருள்

அரிசி வாங்கப் போகிறவர் நாலு மணியை வாயிலிட்டுக் கடித்துப் பார்க்கிறார். புடவை எடுக்கும் அம்மையார் முந்தானையை விரலிடையே தேய்த்துப் பார்க்கிறார். தங்கத்திற்கோ முத்திரை வந்துவிட்டது. வீட்டில் சங்கீதம் கேட்பதற்கென்று ஓர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கப் புறப்படுகிறவருக்கு மட்டும் சோதித்துப் பார்க்கத் தம் இரு செவிகளைத் தவிர வேறு கருவி கிடையாது. அச்செவிகளோ, கடைக்காரர் மனம் வைத்தால், மிக எளிதில் மயங்கக்கூடியவை.

மார்கழிக் கச்சேரிகளுக்குச் சென்னை செல்ல இயலாத நம் குடும்பங்கள் பல, நல்லதொரு ஹை-ஃபை சாதனத்திற்காகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்ப்பதை நாம் அறிவோம். அப்பணத்தை எடுத்துக்கொண்டு தில்லியில் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டிற்கோ, மும்பையில் லாமிங்டன் சாலைக்கோ, கல்கத்தாவில் சாந்தினி சௌக்கிற்கோ போய் நிற்கிறோம். இந்தியோ, மராத்தியோ, வங்காளமோ காய்கறி வாங்கும் அளவிற்கு நமக்குக் கைகொடுக்கும். ஒலியின் நுட்பங்களைப் பேசுமளவிற்குப் பெரும்பாலோர்க்கு வராது. ஆகவே கடைக்காரரின் நாணயமே நமக்குத் துணையாக வேண்டியிருக்கிறது.

மயக்கும் வழிகளுள் மிகப் பழையது ஒன்றைக் கூறுவோம். இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யும்போது, அதிக லாபம் தரும் ஜோடியைச் சற்றே, ஒரு டெசிபெல் அளவே, உரக்க வைத்துவிட்டால் போதும். ஓசை கூடியிருப்பதாக நமக்குத் தோன்றாது. தெளிவு கூடியிருப்பதாகத் தோன்றும். “இதில் வீணை எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது பாருங்கள்” என்று கடைக்காரர் சொல்ல, நாமும் மனப்பூர்வமாக ஆமோதிப்போம். பொய் எதுவும் சொல்லப்படவில்லை. குமிழ் ஒரு மயிரிழை திரும்பியது, அவ்வளவே. இரண்டையும் ஒரே அளவு ஓசையில் வைக்கும்படி கேட்பது வாங்குகிறவரின் உரிமை. கேட்டவுடன் முகம் சுளிக்கும் கடையைவிட்டு இறங்கிவிடலாம்.

அடுத்தது வாட்ஸ் கணக்கு. மலிவான சாதனங்களின் பெட்டிமேல் ‘5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்பது போன்ற கொட்டை எழுத்துகளைக் கண்டிராத நேயர்கள் இரார். சாதனத்தைப் புரட்டிப் பின்புறத்தைப் பூதக்கண்ணாடி கொண்டு ஆராய்ந்தால், அது உட்கொள்ளும் மின்சாரம் 60 வாட்ஸ் என்று பொடி எழுத்தில் காணப்படும். அறுபது படி நெல்லைக் கொட்டி ஐயாயிரம் படி அரிசி எடுக்கும் ஆலை எந்த ஊரில் உளதோ, நாம் அறியோம். பி.எம்.பி.ஓ. என்பது கண நேர உச்சத்தைக் குறிப்பதாகச் சொல்லப்படுவது. அதனை அளப்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை ஒன்றுமில்லை. அச்சிடுகிறவர் விரும்பிய எண்ணே அதன் அளவு. கேட்கவேண்டியது ஆர்.எம்.எஸ். என்னும் கணக்கில் தொடர்ந்து எத்தனை வாட்ஸ் தரும் என்பதுதான். இத்தகைய எண் ஜாலத்தைப் பொறுக்க மாட்டாமல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 1974-ஆம் ஆண்டிலேயே, வீட்டு உபயோக ஆம்ப்ளிஃபயர்களின் சக்தியை இன்ன முறையில் அளந்துதான் விளம்பரம் செய்ய வேண்டுமென்று விதி செய்தது.

உண்மையான வாட்ஸ் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஐம்பதுக்குப் பதில் நூறு வாட்ஸ் வாங்கினால் ஓசை இருமடங்காகும் என்று எண்ணுவது இயல்பே. உண்மையில் அதனால் கூடுவது 3 டெசிபெல் மாத்திரம். செவிக்கு அது சிறிய வேறுபாடே. ஓசை இருமடங்காகத் தோன்றவேண்டுமாயின் ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி தேவை. ஒரு வாட்டிற்கு ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபெல் தரவல்ல ஸ்பீக்கரை இரண்டு அறை கொண்ட குடியிருப்பில் வைத்தால், அந்த ஒரு வாட்டிலேயே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஆதலால் “உங்கள் கூடத்திற்குச் சிறியதே போதும்” என்று கூறும் வியாபாரி தம் கல்லாவிலிருந்து பணத்தை எடுத்து நம் சட்டைப் பையில் போடுகிறார் என்றே கொள்ளவேண்டும். அத்தகையோர் இல்லாமலில்லை. தடித்த திரையும் கம்பளமும் உள்ள தம் அறையில் கேட்ட ஒலி, பளிங்குத் தரையும் வெற்றுச் சுவருமுள்ள நம் கூடத்தில் அப்படியே கேளாது என்பதையும் அவர்களே முன்வந்து சொல்வார்கள்.

சொல்லாமல் விடுவதும் வஞ்சனைதானா என்று சிலர் வினவக்கூடும். அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று இதற்கு விடையாகும். மொபைல் ஃபிடெலிட்டி என்ற இசைத்தட்டு நிறுவனம், பழைய மூல ஒலிநாடாக்களிலிருந்து தட்டுகளைத் தயாரிப்பதாகப் பெயர் பெற்றது. இடையே டிஜிட்டல் முறை எதுவும் புகவில்லை என்ற நம்பிக்கையில் ரசிகர்கள் அத்தட்டுகளை உயர்ந்த விலைக்கு வாங்கி வந்தனர். 2011 முதலே அவற்றுட் பலவற்றில் டிஜிட்டல் பிரதி ஒன்று இடையில் பயன்பட்டு வந்தது என்னும் செய்தி, இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவரின் வாயிலாகவே வெளிவந்தது. வழக்கு நடந்து, 2023-இல் சமரசம் ஏற்பட்டது. தட்டைத் திருப்பித் தருவோர்க்கு முழுப் பணமும் தருவது அச்சமரசத்தின் ஓர் அம்சம். இதில் விந்தை யாதெனில், அத்தனை ஆண்டுகள் அத்தனை கூர்த்த செவிகளும் அவ்வொலியைக் குறை கூறியதில்லை, புகழ்ந்தே வந்தன. பொருள் நல்ல பொருள்தான். ஆயினும், சொல்லியிருந்தால் வாங்கலாமா வேண்டாமா என்று தாமே தீர்மானித்திருப்போமே என்பதுதான் வாங்கினோரின் மனக்குறை. அது நியாயமான குறையென்றே நாம் கருதுகிறோம்.

ரசீது விஷயத்திற்கு வருவோம். “பில் வேண்டாமென்றால் விலை குறையும்” என்ற வாசகத்தைக் கேளாத பட்டணவாசி யார்? இங்கே பேரம் இருவர்க்கும் பொதுவானது. அரசாங்கத்திற்குச் சேரவேண்டியதை வாங்குகிறவரும் விற்கிறவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்பீக்கர் ஊமையாகிவிடின், அதே கடைக்காரர் நம்மை இதற்குமுன் கண்டதே இல்லை என்பார். முன்பு சேர்ந்து செய்த காரியத்தை இப்போது அவர் தனியே தொடர்கிறார், அவ்வளவுதான். வெளிநாட்டுப் பொருளாயின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் விலாசமும் உச்ச விலையும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அவை இல்லாத பெட்டி வேறு வழியாக வந்ததாகவே இருக்கும். அதற்கு நிறுவனத்தின் உத்தரவாதம் இங்கே செல்லுபடியாகும் என்று நம்புவதற்கில்லை.

இடமாற்றம் பெற்றுப் பெற்று ஊர் ஊராய்ச் செல்லும் நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. 2020-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளை வாங்கிய ஊரில்தான் முறையிட வேண்டுமென்பதில்லை. முறையிடுவோர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். ரசீது தராமை, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுத்தல் ஆகிய இரண்டையும் அச்சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ஆகையால் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று சுவரில் தொங்கும் அட்டை, பழுதுற்ற பொருளைப் பொறுத்தவரை வெறும் அட்டையே. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி நிலையத்தாருடன் தமிழிலும் பேசலாம்.

இதுவரை கூறியதைப் படித்து வியாபாரிகள் வருந்த வேண்டாம். அவர்கள் தரப்பிலும் புகார் உண்டு. அதையும் சொல்லாவிடில் நாம் நடுநிலை தவறியவராவோம். குளிர்சாதன அறையில் இரண்டு மணி நேரம் அமர்ந்து, காப்பியும் அருந்தி, ஆறு ஜோடிகளை மாற்றி மாற்றிக் கேட்டுத் தெளிந்து, “யோசித்துச் சொல்கிறேன்” என்று எழுந்து வந்து, வீதியைக் கடக்குமுன் கைபேசியில் அதே பொருளை ஆயிரம் ரூபாய் குறைவாக வேறிடத்தில் வரவழைக்கும் கனவான்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். அவ்வறையின் வாடகையும், பொறுமையாக விளக்கிய ஊழியரின் சம்பளமும் யார் கொடுப்பது? திருமண வீட்டில் சிறிய ஆம்ப்ளிஃபயரை அளவிற்கு மீறி முடுக்கி ஸ்பீக்கரின் சுருளைக் கருக்கிவிட்டு, “வாங்கியது முதலே இப்படித்தான்” என்று திருப்பிக் கொண்டுவருவோரும் உளர். ஸ்பீக்கரைத் திறந்தவுடன் கருகிய வாடை உண்மையைச் சொல்லிவிடும். கடைக்காரர் அதை முகர்ந்துவிட்டு ஒன்றும் பேசாமலிருப்பது வாடிக்கையை இழக்க மனமில்லாமையால்தான்.

நம் சங்கங்களுக்கே உரிய ஒன்றையும் சொல்லவேண்டும். அயலூரில் புதிதாக வந்து இறங்கியவர் எதற்கும் நம்மவர் ஒருவரையே முதலில் விசாரிக்கிறார். “இன்ன கடைக்குப் போங்கள், என் பெயரைச் சொல்லுங்கள்” என்ற வார்த்தையை அவர் ரசீதைக் காட்டிலும் பெரிதாக மதிக்கிறார். அவ்வாறு அனுப்புகிறவர் கடையில் தரகு பெறுபவராயின், அதை அனுப்பும்போதே சொல்லிவிடுவது மரியாதை. தரகு பெறுவதில் குற்றமொன்றுமில்லை. அது தெரிந்தால் புதியவர் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்குவார். கடைக்காரர் தமிழர் என்பதும் இவ்வகையே. தமிழில் பேசுவது நமக்கு வசதி. ஸ்பீக்கருக்கு மொழி கிடையாது.

வாங்கப் போகும் அன்பர்கள், தமக்கு நெடுநாள் பழகிய ஓர் ஒலிப்பதிவைக் கையோடு கொண்டு செல்வது உத்தமம். கடைக்காரர் வைத்திருக்கும் பதிவுகள் அவருடைய ஸ்பீக்கர்களுக்கென்றே தேர்ந்தெடுத்தவை. தம்பூராவின் ரீங்காரம் இழையறாமல் வருகிறதா, மிருதங்கத்தின் தொப்பி வெறும் தடிப்பாக ஒலிக்காமல் சுருதியோடு கேட்கிறதா, பழகிய குரல் பழகிய குரலாகவே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அப்படி நிதானமாகக் கேட்க இடங்கொடுக்கும் கடைக்காரர், கேட்பதற்கென ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு பொருள் வாங்கும்போது விலையில் கழித்துக் கொடுப்பதாகச் சொன்னால், நாம் அதை மனமுவந்து கொடுப்போம்.