போர்வை திரும்பி வந்தது, சலுகை வரவில்லை

ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் வயதுக்காரர்களிலேயே பாதிப் பேர், "அது போய் எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் அதையே பேசிக்கிட்டு" என்கிறார்கள். மீதிப் பேர், "கவர்மென்ட்டே ரத்து பண்ணிட்டான், நாம என்ன செய்ய முடியும்" என்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் என் பதில் ஒன்றுதான். அது ரத்தாகவில்லை. நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்த்தவனுக்கு நன்றாகத் தெரியும்.

ரத்து செய்ய வேண்டுமானால் ஒருவர் காரணம் எழுத வேண்டும், இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும், கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும். நிறுத்தி வைக்க அதெல்லாம் வேண்டாம். "மறு உத்தரவு வரும் வரை" என்று கடைசி வரியில் ஒரு வாக்கியம் போட்டால் போதும். அந்த மறு உத்தரவை யாரும் எழுத மாட்டார்கள். ஃபைல் பீரோவில் தூங்கும். கேட்பவர்கள் களைத்துப் போவார்கள், இல்லை காலமாகிவிடுவார்கள். நம் விஷயத்தில் இரண்டாவது சீக்கிரம் நடக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

நடந்ததை நினைவுபடுத்துகிறேன். 2020 மார்ச் 20ஆம் தேதி முதல் சலுகை நின்றது. அதற்கு முன்பு 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம் அடிப்படைக் கட்டணத்தில் குறைத்தார்கள். கொரோனா பரவிய நேரம். வயதானவர்கள் அநாவசியமாகப் பயணம் செய்யக்கூடாது, வீட்டிலேயே இருக்கட்டும் என்பதுதான் அன்றைக்குச் சொன்ன காரணம். நியாயமான காரணம். அன்று யாரும் எதிர்த்துப் பேசவில்லை, பேசியிருக்கவும் கூடாது.

பிறகு என்ன ஆயிற்று? 2021 நவம்பரில் 'சிறப்பு ரயில்' என்ற பெயரெல்லாம் போய் வழக்கமான ரயில்கள் வழக்கமான எண்ணோடு ஓடின. 2022 மார்ச்சில் ஏ.சி. பெட்டியில் போர்வை, தலையணை, கம்பளி எல்லாம் திரும்பி வந்தன. திரைச்சீலை திரும்பி வந்தது. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கிழவன் கிழவியின் சலுகை மட்டும் வரவில்லை. காரணம் தீர்ந்துவிட்டது, உத்தரவு மட்டும் உயிரோடு இருக்கிறது. இதுதான் என் வழக்கு. இதற்கு மேல் சொல்வதெல்லாம் வந்த பதில்களுக்குப் பதில்.

முதல் பதில் ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னது. பயணிகள் எல்லாருக்குமே சராசரியாக 46 சதவீதம் சலுகை கிடைக்கிறது, 100 ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம், 2022-23ஆம் ஆண்டில் மட்டும் இப்படி 56,993 கோடி ரூபாய் கொடுத்திருக்கிறோம் என்கிறார். சரி, வைத்துக்கொள்வோம். ஆனால் இது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. மாதம் ஒரு லட்சம் சம்பளம் வாங்கும் முப்பது வயதுப் பையனுக்கும் அதே 46, பென்ஷனே இல்லாத எழுபது வயதுக்காரருக்கும் அதே 46 என்றால், வயதானவருக்குத் தனியாக என்ன கொடுத்தீர்கள்? ஊருக்கெல்லாம் சோறு போட்டுவிட்டு, "உனக்குப் பத்தியச் சாப்பாடு எதற்கு, அதுதான் எல்லோருக்கும் போட்டோமே" என்று நோயாளியிடம் சொல்வது போல இருக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம், அதுதானே நம் தொழில். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு ரயில்வே தந்த விவரப்படி, அதே 2022-23இல் சலுகை தராததால் மூத்த குடிமக்களிடமிருந்து கூடுதலாக வந்தது 2,242 கோடி. பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் அமைச்சர் சொன்ன 56,993 கோடியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூற்றுக்கு நான்கு ரூபாய்கூட இல்லை. மொத்தச் சுமையில் அந்த நாலு ரூபாயைக் குறைக்கக் கிழவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டுமா?

நம் பக்கம் அது எவ்வளவு என்று பாருங்கள். ஒருவருக்கு அடிப்படைக் கட்டணம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணவனுக்கு 300, மனைவிக்கு 250, ஆக 550 ரூபாயில் முன்பு முடிந்திருக்கும். இன்று 1,000. போக வர 900 ரூபாய் கூடுதல். மகள் வீடு, பேரன் காதுகுத்து, ஆஸ்பத்திரி, குலதெய்வம் கோயில் என்று வருஷத்துக்கு நாலு முறை போனால் 3,600. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள 60 முதல் 79 வயதுவரையிலான முதியோர் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். அந்தக் கணக்கில் 3,600 என்பது ஒன்றரை வருஷப் பணம். இதைத்தான் சிலர் "சில்லறைக் காசு" என்கிறார்கள்.

இரண்டாவது பதில்: வசதி உள்ளவனும் அனுபவிக்கிறானே என்பது. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. என்னைப் போல் அரசு பென்ஷனும் பஞ்சப்படியும் வாங்குபவன் முதல் வகுப்பு ஏ.சி.யில் போக அரசாங்கம் உதவ வேண்டியதில்லை. ஆனால் அதற்கு வழி முன்பே இருந்தது. டிக்கெட் எடுக்கும்போதே 'சலுகை வேண்டாம்' என்றோ 'பாதி போதும்' என்றோ எழுதிக் கொடுக்கலாம். ரயில்வே நிலைக்குழு, ராதா மோகன் சிங் தலைமையில், ஆளும் கட்சிக்காரர் தலைமையில் என்பதைக் கவனியுங்கள், இன்னொரு வழியும் சொன்னது. ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலுமாவது திரும்பக் கொடுங்கள் என்றது. வசதியானவன் மேல் வகுப்பில் முழுக் காசு கொடுத்துப் போகட்டும், இல்லாதவனுக்கு ஸ்லீப்பரில் கொடுங்கள். இதைவிட நியாயமாக ஒரு நடுவழி யார் சொல்ல முடியும்? அதுவும் ஃபைலோடு ஃபைலாகக் கிடக்கிறது. சிலர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 ஏப்ரலில், இது அரசின் கொள்கை முடிவு, நாங்கள் உத்தரவிட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே பந்து அரசாங்கத்திடம்தான் இருக்கிறது.

மூன்றாவது பதில்: நோயாளிகளுக்கு இன்னும் சலுகை இருக்கிறதே என்பது. இருக்கிறது. புற்றுநோய், டயாலிசிஸ், இதய அறுவை சிகிச்சை, காசநோய் என்று ஒரு பட்டியல் உண்டு. மாற்றுத் திறனாளிகளுக்கும் மாணவர்களுக்கும் உண்டு. நல்லது, இருக்கட்டும். ஆனால் முழங்கால் தேய்மானம் அந்தப் பட்டியலில் இல்லை. கண்புரை இல்லை. சர்க்கரை இல்லை. தலைசுற்றல் இல்லை. முதுமை என்பதே பெயர் வைக்காத நோய்களின் மூட்டை. அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கும் வேலூருக்கும் போகிறவர்களுக்காகத்தான் வயதை வைத்து ஒரு சலுகை கொடுத்தார்கள்.

நான்காவது பதில் வீட்டுக்குள்ளேயே வருவது: "பிள்ளைங்க டிக்கெட் எடுத்துத் தருவாங்களே." தருவார்கள். பிள்ளை எடுத்துத் தரும் டிக்கெட்டில் பிள்ளை சொல்லும் தேதியில்தான் போக முடியும். தன் காசில் டிக்கெட் எடுப்பவர் தன் இஷ்டத்துக்குப் போவார், தன் இஷ்டத்துக்குத் திரும்புவார். இதன் அருமை பெண்களிடம் கேட்டால் தெரியும். ஆயுள் முழுக்க அடுத்தவர் கையை எதிர்பார்த்த அம்மாக்கள் எத்தனையோ பேர் ஐம்பது சதவீதச் சலுகையில்தான் தனியாகத் தங்கை வீட்டுக்குப் போய் வந்தார்கள்.

நம் புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் என்னோடு படித்தவர்கள் சிலர் அந்த நாட்டுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள். அங்கே வயதானவர்களை 'த்ருவாஸியேம் ஆழ்' என்பார்கள், மூன்றாம் வயது என்று பொருள். இளமை ஒன்று, உழைப்புக் காலம் ஒன்று, அதற்குப் பிறகு இது மூன்றாவது. முடிவு என்று அர்த்தமில்லை. அந்நாட்டு ரயில்வே 60 வயதானவர்களுக்கு ஓர் அட்டை விற்கிறது. கவனியுங்கள், விற்கிறது. வருஷத்துக்கு 49 யூரோ. அதை வாங்கினால் டிக்கெட்டில் 30 சதவீதம் குறையும். வாங்குபவர் யாரிடமும் கை நீட்டவில்லை. காலியாக ஓட வேண்டிய இருக்கையில் ஓர் ஆள் உட்கார்ந்ததில் ரயில்வேக்கும் லாபம். இலவசமாகத் தர மனம் இல்லையென்றால் நம் ரயில்வேயும் ஓர் அட்டை விற்கட்டுமே! நாம் வாங்க மாட்டோமா?

இங்கே 'சலுகை' என்ற சொல்லே நம்மைக் கூனிக் குறுக வைக்கிறது. நாற்பது வருஷம் வரி கட்டி, இந்த நாட்டின் ரயிலிலும் பஸ்ஸிலும் முழுக் கட்டணம் கொடுத்துப் போனவர்கள் கடைசியில் கேட்பது பிச்சை ஆகாது.

அது வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இன்று கையில் இருப்பதையே பலர் எடுப்பதில்லை. டிக்கெட் எடுக்கும்போது வயதைச் சரியாகக் கொடுங்கள். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது, அதை யாரும் நிறுத்தவில்லை. அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் வட்டியை 8.2 சதவீதமாக உயர்த்தினார்கள். அந்த வட்டியில் லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 2,050 ரூபாய் வரும். வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவர்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே வங்கியில் படிவம் கொடுத்து வரிப் பிடித்தத்தைத் தவிருங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு, வருமான வரம்பு இல்லாமல், வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்கான 'ஆயுஷ்மான் வய வந்தனா' அட்டை 2024 அக்டோபரிலிருந்து உண்டு. ஆதாரில் பிறந்த தேதி தப்பாக இருந்தால் இப்போதே திருத்துங்கள். எத்தா சிவில் பதிவு எடுத்து வைத்திருப்பவர்களுக்கு அது சுலபம்.

மருந்துக் கடை வாசலில் 'மூத்த குடிமக்களுக்குத் தள்ளுபடி' என்ற பலகையைப் பார்த்து மட்டும் மயங்காதீர்கள். அட்டையில் அச்சிட்ட விலையில் பத்து, பதினைந்து சதவீதம் குறைப்பார்கள். அதே மூலப்பொருள் உள்ள மாத்திரை மக்கள் மருந்தகத்தில் எந்தத் தள்ளுபடியும் இல்லாமலே பெரும்பாலும் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

ரயில் விஷயத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர்தான். எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை. அவருக்கு ஒவ்வொருவரும் ஒரு தபால் அட்டை போடுங்கள். "சலுகை கொடுங்கள்" என்று எழுதாதீர்கள். "2020 மார்ச் 20ஆம் தேதி நிறுத்தி வைத்ததற்கான மறு உத்தரவு எப்போது வரும்?" என்று எழுதுங்கள். கெஞ்சினால் ஒதுக்கிவிடுவார்கள். தேதி போட்டுக் கேட்ட கேள்வியை ஃபைலில் சேர்த்தே ஆக வேண்டும்.