‘ஓடிபி சொல்லாதீங்க’ என்று மட்டும் சொன்னால் போதுமா?

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தின் கைப்பேசிக்கு ஒரு வருடத்தில் எத்தனை ஓடிபி வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பி.எம். கிசான் தவணைக்கு இ-கேஒய்சி செய்யப் போனால் ஓடிபி. விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் வாங்கப் போனால், ஆதாரோடு இணைந்த நம்பருக்கு ஓடிபி. பிள்ளைக்கு வருமானச் சான்றிதழ் எடுக்க இ-சேவை மையத்துக்குப் போனால் அங்கேயும் ஓடிபி. கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பிகூட வாசலில் நின்றபடியே, "அக்கா, போன்ல வந்த நம்பரைச் சொல்லுங்க" என்கிறார். அக்காவும் சொல்கிறார். சொன்னால்தான் சிலிண்டர் உள்ளே வரும்.

அதே அக்காவிடம்தான் வங்கியும் போலீஸும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்."

இதில் எதை அவர் நம்புவது? மாதாமாதம் நாலு பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒரு விஷயத்தை, ஐந்தாவதாக போனில் கேட்பவரிடம் மட்டும் சொல்லக் கூடாது என்றால், அந்த ஐந்தாவது ஆளை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று யாராவது சொல்லித்தர வேண்டாமா? விழிப்புணர்வு நோட்டீஸ்கள் அதைச் சொல்வதில்லை. பணம் போன பிறகு, "படிச்சுப் படிச்சுச் சொன்னோமே" என்பதோடு முடித்துக்கொள்கின்றன.

உண்மையில் பிரித்துப் பார்க்க ஒரு எளிய கேள்வி போதும்: யார் யாரைத் தேடிப் போனது? இ-சேவை மையத்துக்கு நாம் நடந்து போகிறோம். சிலிண்டரை நாம் புக் செய்கிறோம். அங்கே வரும் ஓடிபி, நாம் கேட்ட வேலைக்கான ஓடிபி. நாம் எதையும் கேட்காமல் சும்மா இருக்கும்போது போன் வந்து, அந்தப் பேச்சுக்கு நடுவே ஓடிபி வந்தால், அது அடுத்த முனையில் இருப்பவர் தொடங்கிய வேலை. அது எந்த வேலையாக இருந்தாலும் அந்த எண்ணைச் சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ‘யாரிடமும் சொல்லாதே’ என்பதைக் காட்டிலும் ‘தேடி வந்தவரிடம் சொல்லாதே’ என்பது டெல்டா கிராமங்களின் அன்றாடத்துக்குப் பொருந்தும்.

பேர் தெரியும், ஊர் தெரியும்

ஏமாந்தவர்களில் பலர் சொல்லும் ஒரு வார்த்தை: "என் பேரு, ஊரு எல்லாம் கரெக்டா சொன்னாங்களே." அதனால்தான் நம்பினோம் என்பார்கள். பேரும் ஊரும் தெரிவது பெரிய விஷயமே இல்லை. பி.எம். கிசான் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்வு செய்துகொண்டே போனால், அந்த ஊரில் பயன்பெறும் விவசாயிகளின் பெயர்ப் பட்டியல் வந்து நிற்கும். திட்டம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த பட்டியல் அது. நல்ல நோக்கம்தான். ஆனால், அது மோசடிக்காரருக்கும் திறந்தே கிடக்கிறது. போன் நம்பர்களோ வேறு வழிகளில் கசிகின்றன. 2023 ஜூனில் கோவின் தடுப்பூசித் தளத்தில் பதிந்தவர்களின் விவரங்கள் டெலிகிராமில் கிடைப்பதாகச் செய்தி வந்தது. தளத்துக்குள் யாரும் நேரடியாக ஊடுருவவில்லை என்று மத்திய அரசு மறுத்தது. எப்படிக் கசிந்திருந்தாலும், பேரைச் சொல்லிக் கூப்பிடுவதை இனி அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது.

‘நல்லாத் தமிழ் பேசினாரே’ என்பதும் அப்படித்தான். மொழி தெரிந்த ஆளை வேலைக்கு வைத்துக்கொள்வது இந்தக் கும்பல்களுக்குக் கஷ்டமில்லை. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப்போய், மியான்மரின் மியாவடியில் அடைத்து இணைய மோசடி செய்ய வைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் அதே பகுதி மோசடி மையங்களிலிருந்து இரண்டே நாட்களில் 283 பேர், 266 பேர் என்று இந்தியர்களை விமானப்படை விமானங்கள் ஏற்றிவந்தன. வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட்டை நம்பிப் போவது டெல்டாவுக்குப் புதிதல்ல. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, மன்னார்குடிப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகவே சொல்ல வேண்டும்.

பணம் வரும் மாதங்கள்

இங்கே விவசாயிகள் கையில் பணம் வருவதற்கு ஒரு காலம் உண்டு. சம்பா அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டால், பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. பி.எம். கிசானில் வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. பயிர்க் காப்பீடு, மழைச் சேத நிவாரணம் எல்லாமே கணக்குக்குத்தான். பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை. முன்பு வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் வரிசையில் நின்று வாங்கிய பணத்துக்கெல்லாம் இப்போது கைப்பேசிதான் வாசல். இடைத்தரகர் தொல்லை குறைந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால், ‘பணம் வரலையே, ஏன்னு தெரியலையே’ என்ற தவிப்பும் கூடவே வந்தது. கொள்முதல் பணம் நாலு நாள் தாமதமானால், தவணை ஒன்று நின்றுபோனால், யாரைக் கேட்பது என்று தெரியாது. அந்த நேரம் பார்த்து ஒரு குரல், "ஐயா, உங்க கிசான் பணம் நிக்கிது. கேஒய்சி முடிக்கலை. இப்பவே முடிச்சிடலாமா?" என்று கேட்டால், அது மோசடி என்று தோன்றுவதைவிட, கடவுளே போன் பண்ணியதுபோலத்தான் தோன்றும்.

மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. தொடங்கிய வேகத்திலேயே, ஓடிபி கேட்டு வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம் என்று எச்சரிக்கவும் வேண்டியதாயிற்று. ஒரு திட்டம் வருகிறதென்றால் அதன் பெயரில் மோசடியும் பின்னாலேயே வருகிறது.

ஓடிபியே கேட்காத மோசடிகள்

‘ஓடிபி சொல்லாதே’ என்ற பாடம் தோற்கும் இன்னொரு இடம், ஓடிபியே கேட்காத மோசடிகள். வாட்ஸ்அப்பில் ‘பி.எம். கிசான்’ என்ற பெயரில் ஒரு ஏபிகே ஃபைல் வரும். சில நேரம் கல்யாணப் பத்திரிகை என்று வரும், சில நேரம் வங்கியின் பெயரில் வரும். தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரலாம், அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருந்தால். அதைத் தொட்டு இன்ஸ்டால் செய்து, கேட்கிற அனுமதிகளைக் கொடுத்துவிட்டால், போனுக்கு வரும் எஸ்எம்எஸ் எல்லாம் அவர்களுக்கும் போகும். அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் எதையும் சொல்லத் தேவையில்லை. பிளே ஸ்டோருக்கு வெளியே வரும் எந்தச் செயலியையும் தொடாமல் இருப்பதுதான் இதற்கு ஒரே வழி. இன்ஸ்டால் செய்துவிட்டது தெரிந்தால் உடனே டேட்டாவை அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட வேண்டும்.

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ இன்னொரு வகை. சிபிஐ, சுங்கத் துறை என்று சொல்லி, வீடியோ காலில் காக்கிச் சட்டையைக் காட்டி, நாள் கணக்கில் போனை வைக்க விடாமல் மிரட்டிப் பணத்தை மாற்றவைப்பது. படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்ற நினைப்பை இது உடைத்தது. வர்த்தமான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 2024-ல் இப்படி 7 கோடி ரூபாயை இழந்தார். அவருக்குப் போலியாக ஓர் உச்ச நீதிமன்ற விசாரணையையே ஆன்லைனில் நடத்திக் காட்டினார்கள். 2025-ல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்து, டிசம்பரில் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. இந்தியச் சட்டத்தில் போனில் கைது செய்யும் வழக்கம் கிடையாது. அவ்வளவுதான் விஷயம். இங்கேயும் அதே கேள்வி பொருந்தும்: யார் யாரைத் தேடி வந்தது?

இந்த அழைப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று வேண்டும். போனை வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் யோசிப்போம், பக்கத்து வீட்டில் கேட்போம், மகனுக்குப் போன் போடுவோம். அதனால்தான் "லைன்லயே இருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு, ‘மேனேஜர்’ பேசும்போது பாதியில் வைப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். அந்த மரியாதைதான் அவர்களின் மூலதனம். "என் பையன்கிட்ட கேட்டுட்டு நானே பேங்குக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு வைக்கலாம் என்று சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்குச் சொல்லிவைப்பது, பத்து எச்சரிக்கை வீடியோக்களை ஃபார்வர்டு செய்வதைவிடப் பயன்படும். அப்படி அவர்கள் போன் செய்யும்போது "இதுகூடத் தெரியாதா?" என்று சலித்துக்கொள்ளாமலும் இருக்க வேண்டும். சலித்துக்கொண்டால் அடுத்த முறை கேட்க மாட்டார்கள். பணம் போனாலும் சொல்ல மாட்டார்கள்.

பணம் போய்விட்டால்?

சொல்லாமல் இருப்பதுதான் பெரிய நஷ்டம். 1930 என்ற எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. திருடப்பட்ட பணம் ஒரு கணக்கில் நிற்பதில்லை. அடுத்த கணக்கு, அதற்கடுத்த கணக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். 1930-ல் பதிவான புகார், பணம் போன வழியில் உள்ள வங்கிகளுக்குப் போய், இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும் தொகையை நிறுத்திவைக்கச் சொல்கிறது. மாலையில் போன பணத்துக்கு மறுநாள் காலை வங்கிக் கிளை திறக்கட்டும் என்று காத்திருந்தால் கதை முடிந்தது. கூப்பிடும்போது கணக்கு எண், பரிவர்த்தனை எண், போன தொகை, நேரம் இவை கையில் இருக்க வேண்டும். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு அதற்குப் பிறகு போகலாம்.

கடன், லாட்டரி, பிளாட் விற்பனை என்று வரும் தொல்லை அழைப்புகளுக்கு 1909. விளம்பர அழைப்புகள் 140 என்றும், வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600 என்றும் தொடங்க வேண்டும் என்பது டிராய் விதி. வணிக வங்கிகள் 2026 ஜனவரி 1-க்குள் 1600-க்கு மாறிவிட வேண்டும் என்று கெடு வைத்தது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து ‘பேங்க்’ பேசினால், அப்போதே சந்தேகப்படலாம். விதி நடைமுறையில் முழுதாக இறங்க எவ்வளவு காலம் ஆகும் என்பது வேறு கதை.

பழி யார் மேல்?

2023-ல் சைபர் மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024-ல் அது 22,845 கோடி. மூன்று மடங்கு. இவ்வளவு பேரும் கவனக்குறைவானவர்கள் என்று சொல்லிவிட்டுப் போக முடியுமா? ஆனால் சட்டம் கிட்டத்தட்ட அப்படித்தான் பார்க்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தவறும் இல்லாமல் வங்கி தவறும் இல்லாமல் வேறெங்கோ கோட்டைவிட்டு நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால், அவருக்கு இழப்பு இல்லை. ரகசிய எண்ணை அவரே பகிர்ந்திருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் முழுக்க அவர் பொறுப்பு. அதே சுற்றறிக்கையில் பலர் கவனிக்காத இன்னொரு வரி உண்டு: தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் வேலை. 94,204 ரூபாயை இழந்த அசாம் வாடிக்கையாளர் ஒருவர் ஸ்டேட் வங்கியை எதிர்த்துக் கடைசிவரை போய், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். பணம் போன 24 மணி நேரத்துக்குள் அவர் புகார் கொடுத்திருந்தது பெரிதும் உதவியது. "நீங்கதானே ஓடிபி சொன்னீங்க" என்று கவுன்ட்டரில் சொன்னவுடன் திரும்பிவிடாமல், புகாரை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும்.

அந்த ஓடிபி எஸ்எம்எஸ்ஸை எடுத்துப் பாருங்கள். எதற்கான எண், எவ்வளவு தொகை, யாரிடமும் பகிராதீர்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆதிரெங்கத்தில் நாற்று நடும் அம்மாவுக்கு அதில் புரிவது ஆறு எண்கள் மட்டும்தான். அவரை ஏமாற்றுபவர் அழகான தமிழில் பேசுகிறார், அவரைக் காப்பாற்ற வேண்டிய வங்கி ஆங்கிலத்தில் எழுதுகிறது. வங்கிப் படிவங்களும் பாஸ்புக்கும் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் ஏன் விலக்கு? ‘உங்கள் கணக்கிலிருந்து ரூ.48,000 வெளியே போக இந்த எண்’ என்று தமிழில் ஒரு வரி வந்தால், கிசான் பணம் வரப்போகிறது என்று நம்பிக் காத்திருப்பவரின் கை ஒரு நொடியாவது நிற்கும். வங்கிகள் செலவைக் காட்டலாம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துகள் கொள்ளும், தமிழில் 70 குறிகள்தான். ஒரு செய்தி இரண்டாகும், கட்டணமும் கூடும். கூடட்டும். எஸ்எம்எஸ் அனுப்பும் செலவு என்று வாடிக்கையாளர் கணக்கில் பிடித்தம் செய்யும் வங்கிகள்தானே இவை.